பழைய வேகாஸ்: 99 சென்ட் இறாலும் கறுத்துப்போன விரலும்

1999ல வேலைக்குன்னு லாஸ் ஏஞ்சலஸ் வந்த புதுசு. ரூம்மேட்ஸ் நாலு பேர், ஒரு ஓட்டை கரோலா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா பார்ஸ்டோ வழியா விட்டோம்னா நேரா லாஸ் வேகாஸ் தான். பார்க்கிங்குக்கு காசு கிடையாது, ரூம் சல்லிசு, டவுன்டவுன் கோல்டன் கேட் கேசினோல 99 சென்ட்டுக்கு இறால் காக்டெயில், கண்ணாடி கப்ல குட்டி குட்டி இறாலா அடைச்சு மேல சிவப்பா சாஸ் ஊத்தி குடுப்பான், நான் ஒரே ராத்திரில நாலு கப் சாப்பிட்டிருக்கேன்.

ஸ்லாட் மெஷின்ல ஜெயிச்சா நிஜக் காசே கொட்டும். கீழ தட்டுல கலகலன்னு விழறத பிளாஸ்டிக் கப்ல அள்ளி அள்ளி விடியறதுக்குள்ள காசு அழுக்குல விரலெல்லாம் கரி அள்ளுனவன் மாதிரி ஆயிடும். இப்ப ஒரு துண்டுச்சீட்டு வருது, அவ்ளோதான்.

ஸ்டார்டஸ்ட் கேசினோல சீட்டு போடுற ஒரு வயசான டீலர். 21க்கு மேல போனா தோக்குற பிளாக்ஜாக் சீட்டாட்டத்துல 17 வச்சுக்கிட்டு நான் இன்னொரு கார்டு கேட்டேன், மனுஷன் குடுக்காம என் மூஞ்சியவே பாத்தாரு, "நிஜமாவா?"ன்னு. கைய எடுத்துட்டேன். அவர்தான் சொன்னாரு, அந்தக் காலத்துல டேபிள்ல வர்றது மட்டும்தான் வரும்படி, சோறும் ரூமும் சும்மா ஆள இழுக்குற தூண்டில், 1969ல சட்டத்த மாத்தி ஷேர் மார்க்கெட் கம்பெனிங்கள உள்ள விட்டப்புறம் ரூமுக்கு தனி லாபம், சாப்பாட்டுக்கு தனி லாபம்னு காட்ட வேண்டியதாயிடுச்சுன்னு. அதுக்காக கேசினோ எல்லாம் முன்னாடி ரவுடிங்க கையில இருந்தது பொற்காலம்னு நான் சொல்ல வரல, அதே ஸ்டார்டஸ்ட்ல காசு எண்ணுற ரூம்லேந்தே பணத்த உருவுனானுங்கன்னு கேஸ் நடந்த ஊர் அது.

2007 மார்ச்ல அந்த ஸ்டார்டஸ்ட்ட வெடி வெச்சு தகர்த்துட்டாங்க.

போன வருஷம் வீட்டம்மாவோட போனேன். ஹோட்டல் பேர் வேணாம், ரூம் வாடகைக்கு மேல ரிசார்ட் ஃபீன்னு கட்டாயமா ஒரு தனி கட்டணம், அதுக்கு மேல பார்க்கிங். டேபிள்ல உக்காந்தா முதல் ரெண்டு சீட்லயே 21 வந்தா, அதாவது பிளாக்ஜாக்குக்கு, 6:5 தான் தர்றான், பத்து டாலர் கட்டினா முன்னாடி 15 வரும், இப்ப 12. சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கறான். எந்திரிச்சு டவுன்டவுன் போயிட்டோம், 1941லேந்து இருக்குற எல் கார்டெஸ் கேசினோ. அங்க இன்னும் காசு போடுற மெஷின் கொஞ்சம் வச்சிருக்கான். இருபது டாலர் போச்சு. விரல் கறுத்துச்சு, வீட்டம்மா சானிடைசர நீட்டுனா, அப்புறம் போட்டுக்கறேன்னுட்டேன்.

↳ அண்ணே, அந்த காசு மெஷின் உள்ள எந்தப் பக்கம் இருக்கு? அப்பாவோட அடுத்த மாசம் போறோம், அவருக்கு அந்த சத்தம் கேக்கணுமாம்.