ஆமிஷ் காதல் நாவல்களில் வரும் விசுவாசம்: படித்தவர்களும் பழகியவர்களும் சொன்னவை

பென்சில்வேனியாவிலிருந்து

ஆமிஷ் என்பவர்கள் கார் வைத்துக்கொள்ளாமல், குதிரை வண்டியோடு எளிமையாக வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். அவர்கள் நிறைய இருக்கும் லங்காஸ்டர் கவுண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் ஆமிஷ் காதல் நாவல்களுக்கென்றே ஒரு அலமாரி உண்டு. வெள்ளைத் தொப்பி கட்டிய பெண், பின்னால் சோளக்காடு, தூரத்தில் ஒரு குதிரை வண்டி. எந்த அட்டையை எடுத்தாலும் இதுதான். 1997இல் வந்த பெவர்லி லூயிஸின் 'தி ஷன்னிங்' அமோகமாக விற்றதும் இந்த வகை பெருகிவிட்டது. எழுதுபவர்களில் பெரும்பாலோர் ஆமிஷ் இல்லை, மனம்திரும்பி மறுபடி பிறக்க வேண்டும் என்று வலியுறுத்தும் இவாஞ்சலிக்கல் சபைகளைச் சேர்ந்த பெண்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் கையைப் பிடிப்பதோடு சரி, அதையே பத்துப் பக்கம் இழுப்பார்கள். பிடித்துத்தான் இருந்தது. ஆனால் சில நாவல்கள் தாண்டியதும் ஒன்று உறைத்தது. கதாநாயகி மனம் திரும்பும் கட்டம் நம் ஊர் கன்வென்ஷன் பந்தலில் கேட்ட சாட்சி மாதிரியே இருந்தது. ஒளித்து வைத்து வேதத்தை வாசிக்கிறாள், சபைச் சட்டம் தன்னை இரட்சிக்காது என்று உணர்கிறாள், முழங்காலில் நிற்கிறாள், இரட்சிப்பின் நிச்சயம், அதாவது 'நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன்' என்ற உறுதி, வந்துவிடுகிறது. அடுத்த அத்தியாயத்தில் காதலனும் வந்துவிடுகிறான்.

நான் காய் வாங்கும் ஆமிஷ் அம்மாவிடம், இந்தப் புத்தகங்களைப் படிப்பீர்களா என்று கேட்டேன். தங்கை விரும்பிப் படிப்பாளாம், இவரும் ஒன்றிரண்டு புரட்டியிருக்கிறாராம். "அந்தப் பிள்ளைகளுக்கு எப்போதும் தங்களைப் பற்றியே யோசனை" என்றார். "நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன் என்று நானே எப்படிச் சொல்வது? தீர்ப்பு அவருடையது அல்லவா? எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது, அவ்வளவுதான்."

பழைய ஒழுங்கு ஆமிஷ், அதாவது பழைய வழக்கங்களை விடாத பிரிவு, மக்களில் பலருக்கு அப்படி உறுதியாகச் சொல்வதே தற்பெருமை. அவர்களுடைய விசுவாசம் கீழ்ப்படிதலில் இருக்கிறது. வளர்ந்த பிறகு முழங்கால்படியிட்டு ஞானஸ்நானப் பொருத்தனை செய்கிறார்கள். ஒன்றுவிட்ட ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் ஏறக்குறைய மூன்று மணி நேர ஆராதனை. ஒவ்வொரு முறையும் இரண்டாவதாக அதே பழைய ஜெர்மன் துதிப்பாட்டு, இழுத்து இழுத்து. வருஷத்துக்கு இரண்டு முறை திருவிருந்து. அதற்கு முன்னால் சபையில் மனஸ்தாபம் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. போதகரைக்கூடச் சீட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பாட்டுப் புத்தகங்களில் ஒன்றுக்குள் ஒரு தாள் இருக்கும், அது யார் கைக்கு வருகிறதோ அவர் ஆயுசுக்கும் ஊழியர். இதில் எதை வைத்து நாவலின் உச்சக்கட்டம் எழுதுவது?

திருநெல்வேலியில் என் ஆச்சியிடம் ஒரு பிரசங்கியார், "அம்மா, இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" என்று கேட்டார். "கோயில் மணி அடிச்சா போறேன். போதாதாய்யா?" என்றாள். ஆச்சிக்கு அந்தக் காய்கறி அம்மாவோடு நன்றாக ஒத்துப்போயிருக்கும்.

ஓஹையோவிலிருந்து

நான் ஹோம்ஸ் கவுண்டிப் பக்கம் நர்ஸ். ஆமிஷ் குடும்பங்கள் தினமும் வரும். ஆமிஷ் கல்யாணத்தை நம் ஊர்ப் பெண் பார்ப்பது மாதிரி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. பெற்றவர்கள் பேசி முடிப்பதில்லை. ஞாயிறு மாலை இளைஞர்கள் கூடிப் பாடும் இடத்தில்தான் பார்த்துப் பழகுகிறார்கள், பையன் தன் வண்டியில் பெண்ணை வீட்டில் விடுகிறான். ஆனால் கல்யாணம் என்றால் இரண்டு பேரும் ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும். நாவலாசிரியர்களுக்கு வசதியான முடிச்சு அது. காதலுக்குச் சரி சொல்வதும் சபைக்குச் சரி சொல்வதும் ஒன்றாகிவிடுகிறது.

சபை ஒருவரை விலக்கி வைத்து, ஒரே மேசையில் சாப்பிடக்கூட விடாமல் இருப்பதைத்தான் சில கதைகள் குழப்புகின்றன. பொருத்தனை செய்து, பிறகு அதை மீறியவருக்குத்தான் அது பொதுவாக நடக்கும். ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்ட பிள்ளை பண்டிகைக்கு வந்து எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆமிஷ் என்ற பெயருக்கே காரணமான யாக்கோப் அம்மான் 1693இல் சுவிஸ் மென்னோனைட்டுகள் என்ற தாய்ச் சபையோடு முறித்துக்கொண்டதற்கே, விலக்கம் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்ற சண்டை ஒரு முக்கியக் காரணம்.

நியூ ஜெர்சியிலிருந்து

எனக்கு இடிப்பது மன்னிப்பு. நாவலில் அது கடைசியில் வரும். கண்ணீர், ஜெபம், நெஞ்சில் பாரம் இறங்குதல், பிறகு மன்னிப்பு. 2006 அக்டோபர் 2இல் பென்சில்வேனியாவில் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்து ஆமிஷ் பள்ளியில் ஒருவன் ஐந்து சிறுமிகளைச் சுட்டுக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டானே, அன்றைக்கே ஆமிஷ்காரர்கள் அவன் மனைவியைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள். அவன் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் ஆமிஷ். பாரம் இறங்கும்வரை காத்திருக்கவில்லை. பரமண்டல ஜெபத்தில் 'நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று இருக்கிறது, அதனால் முதலில் மன்னித்துவிட்டார்கள். கோபமும் துக்கமும் பிறகும் வரத்தான் செய்யும், மறுபடி மன்னிக்க வேண்டியதுதான். பத்து நாளில் அந்தப் பள்ளிக்கூடத்தையே இடித்துவிட்டார்கள். இந்த வரிசையில் ஒரு கதை எழுதினால் பதிப்பகத்தில் எடுப்பார்களா, தெரியாது.

டொராண்டோவிலிருந்து

நான் பெந்தெகொஸ்தே, அதனால் கொஞ்சம் சண்டை போடுகிறேன். நிச்சயம் என்று சொன்னாலே தற்பெருமை ஆகிவிடுமா? அப்பா இறந்த வருஷம் என் அம்மா இந்த நாவல்களைத்தான் அடுக்கி வைத்துப் படித்தார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு உறுதிதான், கீழ்ப்படிதலைப் பற்றிய பாடம் இல்லை.

இன்னொன்று. நிச்சயத்தை வெளியாட்கள் கொண்டு வந்து ஒட்டினார்கள் என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. 1960களில் ஹோம்ஸ் கவுண்டியிலேயே ஒரு பிரிவு தனியாகப் போனது, புதிய ஒழுங்கு ஆமிஷ் என்பார்கள். இரட்சிப்பின் நிச்சயத்தை வெளிப்படையாகப் போதிக்கிறார்கள், வேதபாட வகுப்பு நடத்துகிறார்கள், புகையிலை கூடாது என்கிறார்கள். குதிரை வண்டியை மட்டும் விடவில்லை. ஓஹையோ அக்கா, அவர்களில் யாரையாவது தெரிந்தால் கேட்டுச் சொல்லுங்கள். அவர்கள் பெண்பிள்ளைகள் இந்த நாவல்களைப் படித்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.