கடலில் 3 கி.மீ. தாண்டியதும் கை ஓய்ந்துவிடுகிறது, வேகத்தை எப்படிப் பங்கிடுவது?

பிடோக்_நீச்சல்:
வணக்கம். குளத்தில் 4 கி.மீ. நிற்காமல் நீந்துகிறேன், 100 மீட்டருக்கு 2:10 கிட்ட வரும், மூச்சுப் பிரச்சினை எதுவும் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் செந்தோசா தீவின் தஞ்சோங் கடற்கரைப் பக்கம் இறங்கினால் 3 கி.மீ.க்கு மேல் தோள் கனத்துவிடுகிறது, கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. கடிகாரம் ஒரு பக்கம் 1:50 காட்டுகிறது, திரும்பும்போது 2:40. 5 கி.மீ. போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இன்னும் தூரம் கூட்டிப் பழக வேண்டுமா, இல்லை வேறு ஏதாவது கோளாறா?

கடல்காக்கை:
தம்பி, தூரம் போதும். குளத்தில் 4 கி.மீ. என்றால் 50 மீட்டர் குளத்திலேயே 79 முறை திரும்பியிருப்பீர்கள், ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துச் சறுக்கும் அந்த இரண்டு மூன்று வினாடி தோளுக்கு ஓய்வு. கடலில் சுவர் ஏது? அதற்கு மேல், திசை பார்க்கத் தலையைத் தூக்கும்போதெல்லாம் இடுப்பு தாழ்ந்து இழுவை கூடும். கண் மட்டும் வெளியே வந்தால் போதும், மூச்சைப் பக்கவாட்டில் எடுங்கள். அலை இல்லாத நாளில் பத்துப் பன்னிரண்டு வீச்சுக்கு ஒரு முறை பார்த்தாலே தாராளம்.

வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. குளத்தில் 400 மீட்டர் முழு வேகத்தில் போங்கள், நன்றாக ஓய்வெடுத்து 200 மீட்டர் போங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் 100 மீட்டருக்கு உங்கள் எல்லை வேகம், அதாவது தொடர்ந்து தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வேகம். 400க்கு 8:00, 200க்கு 3:50 என்றால் வித்தியாசம் 250 வினாடி, பாதி 125, அதாவது 2:05. கடலில் 5 கி.மீ.க்கு இதோடு பத்து வினாடியாவது கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் குளத்தில் போகும் 2:10ஐயே கடலில் முதல் மிதவை வரை துரத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன், போட்டி நாளில் கூட்டத்தோடு சேர்ந்து கிளம்பினால் இன்னும் மோசமாகும்.

தெம்பனிஸ்_அக்கா:
கணக்கு சரி அண்ணே, ஆனால் அந்த எண்ணை கடலில் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு நீந்தச் சொல்லாதீர்கள். 1:50, 2:40 என்று தம்பியே எழுதியிருக்கிறாரே, அது அவர் வேகம் இல்லை, நீரோட்டம். நிமிடத்துக்கு 50 மீட்டர் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம், ஓட்டம் 15 மீட்டர். கூடப் போகும்போது ஒரு கிலோமீட்டர் பதினைந்தரை நிமிடம், எதிர்த்து வரும்போது 28 நிமிடத்துக்கு மேல். ஓட்டமே இல்லாவிட்டால் போக வர 40, இப்போது 44. போனதும் வந்ததும் சமமாகிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆகாது, ஏனென்றால் எதிர்த்து நீந்தும் நேரம் அதிகம். அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்து 2:10க்கு இழுக்க முயன்றால் தோள் போகாமல் என்ன செய்யும்!

கையையும் மூச்சையும் எண்ணுங்கள். மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு எடுப்பவர் தன்னை அறியாமல் இரண்டுக்கு மாறினால் வேகம் கூடிவிட்டது. முதல் கிலோமீட்டர் ‘இவ்வளவு மெதுவாகவா போகிறோம்’ என்று எரிச்சல் வரும் அளவுக்கு இருக்கட்டும். பயிற்சியில் ஓட்டத்தை எதிர்த்து முதலில் போய்விட்டு, கூட வரும்படி திரும்புங்கள், களைத்த பிறகு எதிர்நீச்சல் வேண்டாம்.

உப்புத்தண்ணி:
இரண்டு பேரும் வெப்பத்தை விட்டுவிட்டீர்கள். இணையத்தில் கிடைக்கும் அறிவுரையில் பாதி ஆங்கிலக் கால்வாய்க்காரர்கள் எழுதியது, அங்கே கோடையிலேயே 15 முதல் 18 டிகிரிதான், அவர்களுக்குப் பயம் குளிர். நமக்கு 29, 30. 1954இல் இலங்கை நீச்சல் வீரர் நவரத்தினசாமி பாக் நீரிணையை நீந்திக் கடந்தாரே, அந்த மாதிரித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்புச் சூடு வெளியேற வழியில்லாததால் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும், வியர்க்கும், ஆனால் தெரியாது. 2010இல் ஐக்கிய அரபு அமீரகத்துப் புஜைராவில் 10 கி.மீ. போட்டியில் அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் இறந்தது வெதுவெதுப்பான கடலில்தான். உலகப் போட்டிகளுக்கு 31 டிகிரி மேல்வரம்பு வந்தது அதற்குப் பிறகுதான். 2025இல் உலகப் போட்டி நம் செந்தோசாவின் பலவான் கடற்கரையில் நடந்தபோது ஜெர்மன் வீரர் வெல்புரோக் 10 கி.மீ.யை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடித்தார், அவர்களே வழியில் குடித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

கனமான சிலிக்கோன் தொப்பி வேண்டாம், தலை வெந்துவிடும், மெல்லிய துணித் தொப்பி போடுங்கள், வெள்ளையோ மஞ்சளோ இருந்தால் படகுக்காரர் கண்ணிலும் படும்.

பிடோக்_நீச்சல்:
நன்றி அக்கா, அண்ணே. தலையைத் தூக்கும் விஷயத்தை யோசித்ததே இல்லை. குடிப்பதற்கு 100 பிளஸ் மாதிரி வாயு ஏற்றிய விளையாட்டுப் பானம் போதுமா, சக்தி ஜெல் வாங்க வேண்டுமா? எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை?

உப்புத்தண்ணி:
உங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகும், 100 பிளஸே போதும். 25, 30 நிமிடத்துக்கு ஒரு முறை நாலைந்து வாய், தாகம் வரும்வரை காத்திருக்காதீர்கள். முதல் நாள் இரவே மூடியைத் திறந்து காற்றைப் போக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பி ஏப்பம்தான் வரும். இடுப்பில் கட்டி இழுத்துப்போகும் மிதவைப்பையில் பாட்டிலைக் கட்டிக்கொள்ள ஏற்பாட்டாளர்கள் விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ்_அக்கா:
அப்புறம் காலையில் சுமத்ரா பக்கமிருந்து மேகம் கறுத்தால் அன்றைக்குக் கடல் வேண்டாம், இடியோடு வரும். குளத்துக்கும் போகாதீர்கள், மின்னல் எச்சரிக்கை வந்தால் அங்கேயும் தண்ணீரிலிருந்து கரையேற்றிவிடுவார்கள்.