60 பேர் வாசித்தால் போதுமா?

காலிவீதிக்காரன்:
வெள்ளவத்தையில் இருக்கிறேன், பகலில் ஒரு கம்பனியில் கணக்கு வேலை. மூன்று வருடமாக மாதம் ஒரு சிறுகதை எழுதி, ஏ3 தாளில் இரண்டு பக்கமும் போட்டோக்கொப்பி அடித்து, மடித்து, 60 பேருக்குக் கொடுக்கிறேன். கொஞ்சப் பேருக்குத் தபாலில், மிச்சம் கையில். போன கிழமை வீட்டுக்கு வந்த மச்சான், "அறுபது பேரா? இதையே ஒரு நிமிஷ வீடியோவாகப் போட்டால் அறுபதாயிரம் பேர் பார்ப்பாங்களே" என்றான். சிரித்துச் சமாளித்தேன், ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. காசு பிரச்சினை இல்லை, சம்பளம் வருகிறது. நான் செய்வது உருப்படியான வேலையா, இல்லை சும்மா தாள் மடிக்கிற சுகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, என் கவிதைத் தொகுப்பு 300 பிரதி அடித்தேன். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் நிறைந்த சனம். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் வாசிக்க வாசிக்க வரிசையில் வந்து கவரை நீட்டி, புத்தகத்தை வாங்கி, கமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அச்சுக்கூலி அன்றைக்கே வந்துவிட்டது. (கவரில் பெயர் எழுதியிருக்கும், நாளைக்கு அவர்களின் விழாவில் நாங்களும் அதே தொகையை வைக்க வேண்டும், கலியாண வீடு மாதிரித்தான்.) அதற்குப் பிறகு ஒரு வருடம் ஒருவரும் ஒரு வரியைப் பற்றிக் கூடக் கதைக்கவில்லை. சித்தி வீட்டு ஷோகேசில் கண்ணாடிக் கிளிக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, விரித்த அடையாளமே இல்லை.

பிறகு ஒருநாள் ஹட்டன் பக்கத்தில் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டின வீடுகள்) இருக்கிற ஒரு டீச்சர் போன் எடுத்தார். "லயத்து அறையின் பின் ஜன்னலால் நிலா பார்த்ததாக எழுதியிருக்கிறீங்க, எங்கட லயம் முதுகோடு முதுகாகக் கட்டினது, பின்பக்கம் ஜன்னலே இல்லை" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்தப் புத்தகத்தை வாசித்த ஒரு ஆள் கிடைத்தது அன்றைக்குத்தான். என் கணக்கில் 300 இல்லை, 1.

பழைய கொப்பி:
அக்கா சொல்வது சரி. ஆனால் சின்ன வட்டம் ஒளிந்துகொள்ளவும் வசதியான இடம், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த 60 பேரில் உங்கள் முகத்துக்காக வாங்காதவர் எத்தனை பேர்? எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். சலூன் வேலை செய்த மனிதர், இதழைக் கையில் கொண்டு திரிந்து ஆளாளாக விற்றார். பிறகு கொழும்புக்கு வந்தும் விடவில்லை, நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். விற்பனையை வைத்து யாரும் அவரைப் பெரிய ஆள் என்று சொல்வதில்லை. ஆனால் கையில் கொண்டுபோய் விற்கிறவனுக்கு "வேண்டாம்" என்ற சொல் எத்தனை தரம் கிடைத்திருக்கும்? நீங்கள் ஒரு தரமாவது கேட்டிருக்கிறீர்களா?

தெஹிவளை மழை:
வீடியோ பற்றி மட்டும் சொல்கிறேன், நான் படம் வரைகிற ஆள். கோயில் வாசலில் படுத்திருந்த மாட்டை வரைகிற வீடியோ ஒன்று நன்றாக ஓடியது. அடுத்த மூன்று மாதமும் மாடுதான் வரைந்தேன்! வேறு எதைப் போட்டாலும் ஆளில்லை, கடைசியில் மாட்டைக் கண்டாலே எரிச்சல். 2022இல் தாள் தட்டுப்பாட்டில் பள்ளிக்கூடப் பரீட்சையே தள்ளிப்போன நேரம், பழைய பில்களின் பின்பக்கத்தில் வரைந்து ஏழு பேருக்கு அனுப்பியிருந்தேன். இப்போதும் எடுத்துப் பார்க்கிறது அதைத்தான். நீங்களும் முதல் இதழை எடுத்து வாசித்துப் பாருங்கள், கை தேறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

காலிவீதிக்காரன்:
முதல் கதையை எடுத்தேன், இரண்டாம் பந்தி தாண்ட முடியவில்லை, அது நல்ல சகுனம்தான் போல. பழைய கொப்பி கேட்டது குத்தியது, இருந்து எண்ணினேன். முன்பின் தெரியாதவர் ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் விலாசம் மாறிப் போனவர்கள்.

நேற்றுப் பின்னேரம் போட்டோக்கொப்பிக் கடையில் நின்ற ஒரு பையனிடம் ஒன்றை நீட்டினேன். "டியூசன் நோட்டீஸா அண்ணா?" என்றான். கதை என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்று முதல் மடிப்பை விரித்தான், பாதியில் பஸ் வந்துவிட்டது, தாளோடேயே ஏறிப் போனான். பெயர் கேட்க மறந்துவிட்டேன். அடுத்த மாதம் 61 அடிக்கப் போகிறேன், அவன் அந்தக் கடைக்குத் திரும்ப வருவானோ தெரியாது.