சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுற வெட்டு மெஷின்) ரிலீஃப் கார்விங்ல (பலகைல மேடு பள்ளமா செதுக்குறது) ஃபினிஷிங் பிட் ஒடிஞ்சுக்கிட்டே இருக்கு, டூல்பாத் (பிட் போற பாதை) தப்பா?

கேள்வி:
300க்கு 300 மில்லி பலகைல பூக்கொடி ரிலீஃப் ஒண்ணு, கெட்டி மரம், ஆழம் 15 மில்லி. 6 மில்லி எண்ட் மில்லுல (தட்டை முனை பிட்) ஆஃப்செட் ரஃபிங் (சுத்திச் சுத்தி ஓட்டி பெரும்பகுதி மரத்தை எடுக்குறது) ஓட்டிட்டு, 1 மில்லி முனை டேப்பர் பால்நோஸ்ல (உருண்டை முனை, மேல போகப் போகத் தடிக்கிற பிட்) ராஸ்டர் ஃபினிஷிங் (இணை கோடுகளா ஓட்டி முடிக்கிறது) போட்டேன், ஸ்டெப்ஓவர் (கோட்டுக்குக் கோடு இடைவெளி) 0.1. ரெண்டு இலைக்கு நடுவுல இருக்குற குறுகலான பள்ளத்துல இறங்கும்போது முனை ஒடிஞ்சுடுச்சு, இது ரெண்டாவது பிட், மனசே விட்டுப்போச்சு. ஃபீடைக் (பிட் நகர்ற வேகம்) குறைக்கணுமா? நேரமும் அஞ்சு மணிக்கு மேல காட்டுது.

பதில் 1:
ஃபீட் மேல தப்பு இல்ல ப்ரோ, ரஃபிங் பாதிலயே நிக்குது. 6 மில்லி பிட்டு 6 மில்லியை விட ஒடுங்குன இடத்துக்குள்ள போகவே போகாது, அங்க மரம் அப்படியே நிக்கும். நீங்க அலவன்ஸ் (ஃபினிஷிங்குக்காக மிச்சம் விடுற மரம்) 0.5 விட்டிருந்தாலும் அந்தப் பள்ளத்துல மட்டும் பத்து மில்லிக்கு மேல மரம் இருக்கும், அதுல போய் 1 மில்லி முனை மோதுனா ஒடியாம என்ன செய்யும். நடுவுல 3 மில்லி பிட்டு வச்சு ரெஸ்ட் ரஃபிங் (பெரிய பிட்டு விட்டுட்டுப்போன மரத்தை மட்டும் எடுக்குறது) ஒண்ணு போடுங்க, ஸ்டெப்டவுன் (ஒரு தடவைல இறங்குற ஆழம்) 1 மில்லி போதும். சாஃப்ட்வேர்ல அந்த வசதி இல்லன்னா பள்ளத்தைச் சுத்தி பவுண்டரி வரைஞ்சு அதுக்குள்ள மட்டும் ஓட்டலாம். பிட்டோட வெட்டுற நீளம் ஆழத்துக்கு எட்டுதான்னு மொதல்ல பாத்துக்கோங்க.

பதில் 2:
நேரக் கணக்கு நான் சொல்றேன். 300ஐ 0.1ஆல வகுத்தா 3000 கோடு, ஒவ்வொண்ணும் 300 மில்லி, மொத்தம் 900 மீட்டர். ஃபீட் நிமிஷத்துக்கு 3000 மில்லி வச்சாலே 5 மணி நேரம், மெஷின் ஏறி இறங்குற எடத்துல வேகம் கொறையும்ங்கறதால நெஜத்துல இன்னும் கூடும். ஸ்டெப்ஓவரை 0.15 ஆக்குனா மூணுல ஒரு பங்கு மிச்சம். கோட்டுக்கு நடுவுல நிக்குற மேட்டோட உயரம், ஸ்டெப்ஓவரை அதாலயே பெருக்கி முனை ஆரத்தோட எட்டு மடங்கால வகுத்தா வரும். உங்களுக்கு ஆரம் 0.5, அப்போ 0.1க்கு 0.0025 மில்லி, 0.15க்கு 0.0056. மரத்துல லேசா உப்புத்தாள் போட்டா ரெண்டும் ஒண்ணுதான். அதைவிட நல்லது, வழுவழுன்னு இருக்குற பின்னணியை 6 மில்லி பால்நோஸ்ல 0.4 ஸ்டெப்ஓவர்ல முடிச்சுட்டு, இலை நரம்பு இருக்குற இடத்துக்கு மட்டும் சின்ன பிட்டை விடுறது.

பதில் 3:
மேல சொன்னது சரி, ஆனா அந்தக் கணக்கு சமதளத்துக்குத்தான். ராஸ்டர் கோடு செங்குத்தான சுவருக்கு இணையா ஓடுச்சுன்னா அந்தச் சுவர்ல படி படியா தெரியும், ஏன்னா மேலேருந்து பாக்க 0.15 இடைவெளின்னாலும் சரிவுல அது நீண்டுடும். அந்த இடத்துக்கு மட்டும் 90 டிகிரி திருப்பி இன்னொரு ராஸ்டர் போடுங்க. மத்தபடி மர ரேகையோட ஓட்டுறதுதான் எனக்குப் பிடிக்கும், குறுக்க ஓட்டுனா மேடுங்க மேல நார் கிளம்பி நிக்கும். பிட் மாத்துறப்ப Z ஜீரோவை (உயரக் கணக்கு ஆரம்பிக்கிற புள்ளி) வெட்டாத ஓரத்துல ஒரே இடத்துலயே தொடுங்க, வெட்டுன பரப்புல தொட்டுறாதீங்க. 0.2 மில்லி மாறுனாக்கூட ரெண்டு பிட்டும் சேர்ற எடத்துல கோடு விழும்.

கேள்வி கேட்டவர்:
ரஃபிங் ப்ரிவியூவை பெருசு பண்ணிப் பாத்தேன், அந்த இலை நடுவுல சுவரு மாதிரி மரம் நிக்குது, இத்தனை நாளா கவனிக்கவே இல்ல. 3 மில்லி ரெஸ்ட் ரஃபிங் போட்டுட்டேன். ரொம்ப நன்றிண்ணா, இப்போ மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு, அந்தப் பள்ளத்தை முனை ஒடியாம தாண்டிடுச்சு.