விஷச் சாவுதான், ஆனால் உள்ளுறுப்பில் மருந்து அகப்படவில்லை
தடய நச்சியலில் வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் குடித்து, ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் இறந்தார். சேர்க்கும்போதே கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் நுரை, தசைத் துடிப்பு, இந்த வகை விஷம் முடக்கும் ரத்த நொதியான கோலினெஸ்டரேஸ் அடிமட்டம். முறிவு மருந்தாக அட்ரோபினும் பிராலிடாக்சிமும் ஏற்றியிருக்கிறார்கள். வயிறு கழுவிய முதல் நீரை யாரும் எடுத்து வைக்கவில்லை.

உப்புக் கரைசலில் வந்த இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் ஹெக்சேனில் பிரித்தோம், தண்ணீரில் நன்றாகக் கரையும் மருந்தாச்சே என்று அப்புறம் டைகுளோரோமீத்தேனிலும் பிரித்து டிஎல்சி (மென்படல நிறப்பகுப்பு), ஜிசி-எம்எஸ் (வாயு நிறப்பகுப்பு-நிறைமானி) இரண்டும் பார்த்தாயிற்று, ஒன்றும் தெரியவில்லை. வெறுமனே ‘விஷம் இல்லை’ என்று எழுத மனம் வரவில்லை, வழக்கே திசைமாறிவிடும்.

சேர்த்த அன்று எடுத்த சிறுநீர் மட்டும் உறைநிலையில் இருக்கிறது. அதில் எல்சி-எம்எஸ்ஸில் (திரவ நிறப்பகுப்பு-நிறைமானி) இந்த மருந்து உடலில் சிதைந்து உண்டாகும் டைமெத்தில் பாஸ்பேட் கிடைத்தாலும் அது இதே வகையான பல ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகளுக்கும் பொதுவாயிற்றே, கோலினெஸ்டரேஸ் அளவோடு சேர்த்து அதை அறிக்கையில் எப்படி எழுதினால் நீதிமன்றத்தில் நிற்கும்?