பேசி காருக்குள் வந்து உட்கார்ந்தால் அதற்கு என்ன பெயர்?

பொருள்: மறுமொழி: திறன்பேசி ஒருங்கிணைப்பும் உள்ளமை வழிகாட்டியும்

கலைச்சொல் மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நான் கேட்டது சின்னக் கேள்வி. வந்த மடல்களில் பாதி, ஸ்மார்ட்போனுக்கு 'திறன்பேசி'யா 'சூட்டிகைப்பேசி'யா என்ற பழைய வழக்கு. அதை வேறொரு இழையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே நான் வெறும் 'பேசி' என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

கேள்வியைத் திரும்ப வைக்கிறேன். ஒரு காரின் பயனர் கையேடு தமிழுக்காக என் மேசையில் கிடக்கிறது. அதில் இரண்டு தனித்தனி இயல்கள். ஒன்று, காரோடு பிறந்த வரைபடம், வானொலி, பாட்டு. மற்றது, பேசியைக் கம்பியிலோ கம்பியில்லாமலோ இணைத்ததும் அதே திரையில் வந்து உட்காரும் ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ. முதலாவதற்குக் கோவை நண்பர் தந்த 'உள்ளமை' போதும். உள்ளமை வரைபடம், உள்ளமை வானொலி என்று எழுதிப் பார்த்தேன், எங்கும் உறுத்தவில்லை. தகராறு முழுக்க இரண்டாவதில்தான்.

> 'ஒருங்கிணைப்பு' என்றே வைக்கலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், ஆனால் ஒன்றும் சொல்லாத சொல். எது எதோடு சேர்ந்தது, சேர்ந்தபின் வேலை செய்வது யார், பிரித்தால் என்ன மிஞ்சும் என்று அதைக் கேட்டால் பதில் வராது. புளூடூத்தில் அழைப்பு எடுப்பதும் ஒருங்கிணைப்புதான், பேசியில் இருந்தபடி கார்க் கதவைப் பூட்டுவதும் ஒருங்கிணைப்புதான். குழுக்களுக்கு வைக்கிற பெயரைத் திரைக்கும் வைத்தால் குழப்பம்தான் மிச்சம்.

இந்தக் குழப்பத்தின் விலை என்ன என்று எனக்குத் தெரியும். போன மாதம் தக்கலையிலிருந்து திருவட்டாறுப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டோம். மனைவியின் பேசி கம்பியில் இருந்தது. வரைபடம் தமிழில் 'வலப்புறம் திரும்பவும்' என்று சொல்லிக்கொண்டு வந்தது. பாதி வழியில் அவளுக்கு அழைப்பு வந்தது. காருக்குள் எல்லோர் காதிலும் விழ வேண்டாம் என்று பேசியை உருவிக் காதில் வைத்துக்கொண்டாள். திரையில் கார்க் கம்பெனியின் சின்னம் வந்தது. பேசி முடித்தவள், திரையில் இருந்த 'வரைபடம்' என்ற கட்டத்தைத் தொட்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் அது பழைய வரைபடத்தின் தொடர்ச்சி என்றுதான் நினைப்பு. குரல் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தது. 'குளச்சல்' என்ற சாலைப் பலகையை அது 'கொலாச்செல்' என்று படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அது எங்களைப் பட்டணங்கால் என்ற கால்வாயின் கரையில் இறக்கிவிட்டது. கார் வாங்கிய நாளிலிருந்து புதுப்பிக்காத உள்ளமை வரைபடம் அது. கரையைச் சாலை என்று அதற்கு யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாழை. போகப் போகக் கரை ஒடுங்கி, கடைசியில் இருசக்கர வண்டி போகிற அகலம்தான் மிச்சம். எதிரே சைக்கிளில் மரச்சீனி மூட்டையோடு வந்தவர் இறங்கி ஓரமாக நின்றுகொண்டு, "மேப்பு சொல்லிச்சோ?" என்றார். அந்தக் கேள்வியில் வியப்பே இல்லை. இருநூறு மீட்டர் பின்னாலேயே எடுத்தேன், அவர் 'வா, வா, ஒடி' என்று கை காட்ட.

ஆக, ஒரே கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு மூளை. இப்போது பேசுவது எந்த மூளை என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும். நமக்கு வேண்டிய சொல் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். இணைத்தபின் படத்தை வரைவது கார் அல்ல. பேசிதான் வரைந்து, அதைக் காணொளி ஓட்டமாகச் சுருக்கிக் காருக்கு அனுப்புகிறது. கார் அதை விரித்துக் காட்டுவதோடு சரி. நாம் திரையைத் தொட்டால், தொட்ட இடத்தைக் கார் பேசிக்குத் திருப்பிச் சொல்கிறது. ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, ஸ்டியரிங் பொத்தான்கள் எல்லாம் காருடையவை. கம்பியில்லா முறையில் புளூடூத் அறிமுகம் செய்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள, அதன்பின் சரக்கெல்லாம் வைஃபையில் போகிறது. பையில் கிடக்கிற பேசி ஏன் தோசைக்கல்லாகச் சுடுகிறது என்று குழுவில் கேட்ட அம்மாவுக்கும் இதுவே பதில். வரைவது, சுருக்குவது, அனுப்புவது, இடம் பார்ப்பது எல்லாம் அதன் தலையில்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, மடல்களில் வந்த சொற்களைப் பார்ப்போம்.

'திரைநகல்', 'ஆடித்திரை'. 2011 வாக்கில் வந்த, பேசியின் திரையைக் காரில் காட்டும் மிரர்லிங்க் முறையின் பெயரிலேயே கண்ணாடி இருந்தது, அதனால் இந்த எண்ணம் இயல்பு. ஆனால் கார்ப்ளேயில் கார்த்திரையில் தெரிவது பேசியின் முகத்தில் தெரிவதன் நகல் அல்ல. காருக்கென்றே பெரிய எழுத்தும் குறைந்த பொத்தான்களுமாகத் தனியாக வரைந்த காட்சி. பேசியில் ஒன்று, காரில் ஒன்று. நகல் என்றால் பொய்யாகிவிடும்.

'எறிதிரை', 'வீழ்திரை'. படவீழ்த்தி நினைவுக்கு வருகிறது. வகுப்பறைச் சுவரும் வெள்ளைத் துணியும் கண்முன் வருகின்றன. தவிர, காரைப் பற்றிய கையேட்டில் 'எறி', 'வீழ்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

'ஒட்டுத்திரை'. இதைத் தந்தவர் குலசேகரத்துக்காரர், ரப்பர் நாற்றங்கால் பார்த்து வளர்ந்தவர். அழகான சொல், முதலில் நானே மயங்கினேன். ஆனால் அவருக்கே தெரியும்: தாய்க்கன்றின் பட்டையைக் கீறி, மொட்டுப் பட்டையைச் செருகிக் கட்டி, மூன்று வாரத்தில் கட்டைப் பிரித்துப் பார்த்து, பிடித்திருந்தால் மேலே உள்ள தலையை வெட்டிவிடுவோம். அதன்பின் அந்த மரம் திரும்பப் பழைய மரம் ஆகாது. நம் பேசியோ தேநீர்க் கடை வாசலில் இறங்கும்போதே கூட வந்துவிடுகிறது. பாட்டு பாதி வரியில் நிற்கிறது.

என் முன்மொழிவு: இரவல் திரை.

காசு வாங்கினால் கைமாற்று. பொருள் வாங்கினால் இரவல். வாங்கினதை வாங்கினபடி திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவரை நம்முடையது மாதிரியே புழங்கலாம். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுப் போகிற எந்த வீட்டிலும் இதை விளக்க வேண்டாம். பேசி காரின் திரையை இரவல் வாங்குகிறது, கம்பியை உருவினால் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கையேட்டில் எழுத ஒரு சோதனையும் கிடைக்கிறது: பேசியை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் எது மிஞ்சுகிறதோ அது உள்ளமை, எது காணாமல் போகிறதோ அது இரவல்.

இந்தச் சோதனை இன்னொரு முடிச்சையும் அவிழ்க்கிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோ வேறு, ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ் வேறு. பெயர் வைத்தவர்களுக்கு நம் குழுவில் ஒரு மாதம் தண்டனை தரலாம். முன்னது பேசியிலிருந்து வருவது, 2015இல் வெளிவந்தது. பின்னது காரிலேயே குடியிருக்கும் இயங்குதளம், 2017இல் அறிவித்தார்கள். இரண்டிலும் அதே கூகுள் வரைபடம் இருக்கலாம். ஆனாலும் முன்னது இரவல், பின்னது உள்ளமை. கம்பெனியைப் பார்க்காமல் இருப்பிடத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது. 2023இல் ஜெனரல் மோட்டார்ஸ், இனி வரும் மின்கார்களில் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கிடையாது, உள்ளமைதான் என்று அறிவித்ததே, அந்தச் செய்தியையும் இப்போது ஒரே வரியில் தமிழில் எழுதலாம்: இனித் திரையை இரவல் கொடுக்க மாட்டோம்.

ஒலிக்கும் இதே குடும்பம். புளூடூத்தில் பேசியின் பாட்டைக் கார் பாடினால் அது இரவல் ஒலி. கேசட் காலத்தில், கேசட் மாதிரியே வடிவமும் பின்னால் வால் போல ஒரு கம்பியும் உள்ள பொய்க் கேசட் ஒன்று விற்றது நினைவிருக்கிறதா? அதை டேப்புக்குள் தள்ளிவிட்டு வாக்மேனையோ சிடி பெட்டியையோ செருகுவோம். அதுதான் நம் வீட்டுக்கு வந்த முதல் இரவல் ஒலி. நாகர்கோவில் வானொலியோ உள்ளமை. 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக வந்தது, பேச்சிப்பாறைக்கு மேலே பேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லாத இடத்திலும் கரகரவென்றாவது வந்து சேரும்.

மார்த்தாண்டத்தில் கார் செட் கடை வைத்திருக்கும் என் மச்சினனிடம் இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். அவன் கடையில் எல்லாமே 'செட்'. "டச் செட்டா, சாதா செட்டா, போன் வருற செட்டா" என்று மூன்றே வகை. 'இரவல் திரை' என்றதும், "அப்போ வாடகை உண்டா அத்தான்?" என்றான். விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

தக்கலையிலிருந்து

* * *

மறுமொழி:

அன்புடையீர்,

சொல் நன்று. மூன்று இடறல்கள் மட்டும்.

முதலாவது புணர்ச்சி. கடல் + திரை கடற்றிரை என்றால், இரவல் + திரை இரவற்றிரை ஆக வேண்டும். அப்படி எழுதினால் ஒருவரும் வாசிக்க மாட்டார். எழுதாவிட்டால் நான் உங்களை விட மாட்டேன்.

இரண்டாவது, இரத்தல் என்பது பிச்சை. விலையுயர்ந்த கார் வாங்கினவரின் கையேட்டில் 'இரவல்' என்று அச்சிட்டால் விற்பனைப் பிரிவு முகம் சுளிக்காதா?

மூன்றாவது, இதுதான் பெரியது. யார் யாரிடம் இரவல் வாங்குகிறார்? பேசி திரையை வாங்குகிறது என்கிறீர். கார் பேசியின் மூளையை வாங்குகிறது என்று ஏன் சொல்லக் கூடாது? அப்படியானால் 'இரவல் மூளை' அல்லவா?

யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

மறுமொழி: மறுமொழி:

ஐயா, வணக்கம்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் இரண்டு நாளாகத் தூக்கத்தைக் கெடுத்தது.

நீங்கள் சொல்வது சரி. இருவருமே வாங்குகிறார்கள். பேசிக்குத் திரையும் ஒலிபெருக்கியும் வேண்டும், காருக்கு மூளையும் வேண்டும், புது வரைபடமும் வேண்டும். சில கார்களில் காரின் செயற்கைக்கோள் அலைவாங்கி கண்ட இருப்பிடத்தைப் பேசி கேட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு. கூரைமேல் இருக்கும் அலைவாங்கிக்கு, கைப்பையில் புதைந்து கிடக்கும் பேசியைவிட வானம் நன்றாகத் தெரியும். அடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி உரலை இவர்கள் கொடுத்து உலக்கையை அவர்கள் கொடுக்கும் கதை.

ஆனால் பெயர் வைக்கும்போது கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் பெயர் வைக்க வேண்டும். ஓட்டுகிறவர் பார்ப்பது திரையை. திரைதான் கை மாறுகிறது: ஒரு நிமிடம் காருடையது, மறு நிமிடம் பேசியுடையது. மூளை எப்போதும் பேசிக்குள்ளேயேதான் இருக்கிறது, அது எங்கும் போகவில்லை. இடம் மாறாததை இரவல் என்று சொல்ல முடியாது. ஆகவே 'இரவல் மூளை' வேண்டாம். நம் குழுவில் சிலருக்கு அது பட்டப்பெயராகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

பிச்சை விஷயம். 'இர' என்ற வேரில் குறைச்சல் இருப்பது உண்மை. ஆனால் இன்றைய பேச்சில் இரவல் புத்தகம், இரவல் நகை, இரவல் குடை என்று சொல்லும்போது வெட்கம் நகைக்கு மட்டும்தான், குடைக்கு இல்லை. விற்பனைப் பிரிவுக்கும் எழுதிக் கேட்டேன். அவர்களுடைய கவலை சொல் அல்ல, பொத்தானில் எத்தனை எழுத்து அடங்கும் என்பதுதான். 'இரவல் திரை' அடங்கியது. 'திறன்பேசி ஒருங்கிணைப்பு' இரண்டு வரியாக மடங்கி, கடைசி 'ப்பு' மட்டும் கீழே தனியாகத் தொங்கியது.

புணர்ச்சிக்கு நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். 'இரவற்றிரை' என்று எழுதி மனைவியிடம் காட்டினேன், 'இரவு அற்ற இரை'யா என்று கேட்டாள். அதனால் இடம் விட்டு 'இரவல் திரை' என்று இரண்டு சொல்லாகவே எழுதப் போகிறேன். இடைவெளிக்குள் புணர்ச்சி இல்லை என்று நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நீங்கள் கடற்றிரையை இழுத்ததும் இன்னொரு வேடிக்கை தோன்றியது: திரை என்றால் அலையும்தானே, எங்கள் கடற்கரை ஊர்க்காரர்களிடம் 'இரவல் திரை' என்றால், யாருடைய அலையை யார் வாங்கியது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கையேட்டில் போகிற வரி இப்போதைக்கு இப்படி: 'பேசியின் இணைப்பைத் துண்டித்தால் இரவல் திரை மறைந்து உள்ளமை முகப்பு தோன்றும். இரவல் திரையில் தொடங்கிய பயண வழி உள்ளமை வரைபடத்துக்கு மாறாது. சேருமிடத்தை மீண்டும் உள்ளிடவும்.' இரண்டாவது வாக்கியம் மூலத்தில் இல்லை. பட்டணங்கால் கரையில் பின்னால் எடுத்தவன் என்ற உரிமையில் சேர்த்திருக்கிறேன், நிறுவனம் நீக்கினால் நீக்கட்டும்.

கோப்பு வெள்ளிக்கிழமை போகிறது. மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். 'வயர்லெஸ் அடாப்டர்' என்று விற்கிற, கம்பி முறைக் காரைக் கம்பியில்லா முறைக்கு மாற்றும் விரல் நீளப் பொருளுக்கும் ஒரு பெயர் வேண்டும். 'தரகன்' என்று என் மச்சினன் சொல்கிறான். அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

தக்கலையிலிருந்து