தயிர் டப்பாவில் தைப்பட்டத்து நாற்று: மாடியில் விதைப்பவர்களுக்கு

(மதுரைப் பக்கத்து மாடித்தோட்டக்காரர்கள் நான்கு பேர் மார்கழியில் பேசிக்கொண்டது. பேசுபவரின் பெயருக்குப் பதில் அவரவர் ஊர்.)

திருநகர்

பனி கொட்டும் நாடுகளில் பால் கேனைக் குறுக்கே வெட்டி, மண் நிரப்பி, விதைத்து மூடி, அப்படியே வெளியே விட்டுவிடுவார்கள். அங்குள்ள பல விதைகளுக்கு வாரக்கணக்கில் ஈரக்குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும். அந்த முறையை வீடியோவில் பார்த்துவிட்டு நம் மாடியில் மூடி போட்டு வைத்தால் மதியத்துக்குள் முளை வெந்துவிடும். மார்கழியில்கூட நமக்கு இரவில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், பகலில் 30ஐத் தொடும். தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் குளிரைக் கேட்பதில்லை. இந்தப் பருவத்தில் நாற்றை அழிப்பது ஈரம். கார்த்திகை மழை, மார்கழிப் பனி, நாள் முழுக்க மூட்டம் என்று மண் காயவே காயாது. டப்பா, ஓட்டை, மண் எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

டப்பாவில் பார்க்க வேண்டியது ஆழம். 2 அங்குலத் தட்டில் எவ்வளவு ஓட்டை போட்டாலும் அடிமண் சொதசொதவென்றே இருக்கும். தண்ணீர் வடிந்து நின்ற பிறகும் அடியில் ஒரு பட்டை ஈரம் தங்கும். தட்டு மேலோட்டமாக இருந்தால் அந்தப் பட்டைக்குள்ளேயே வேர் மாட்டிக்கொள்ளும். 3, 4 அங்குலமாவது வேண்டும். 400 கிராம் தயிர் டப்பா, 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கீழ்ப்பாதி, அரை லிட்டர் பால் கவர் மூன்றும் சரியாக வரும். காகித முட்டை அட்டை வேண்டாம்: மழையில் கரையும், வெயிலில் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். தெளிவான பாட்டிலுக்குள் வெளிச்சம் போய்ப் பாசி பிடிக்கும், வெளியே நியூஸ்பேப்பர் சுற்றுங்கள்.

சாக்கு ஊசியை அடுப்பில் காய்ச்சி அடியில் 5 ஓட்டை, பக்கவாட்டில் அடியிலிருந்து அரை சென்டிமீட்டர் மேலே 3 ஓட்டை. பலர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். தட்டையான அடி உள்ள டப்பாவைத் தளத்தில் நேராக வைத்தால் சிமெண்டும் பிளாஸ்டிக்கும் ஒட்டி ஓட்டை அடைபட்டுவிடும். இரண்டு ரீப்பர் கட்டையோ உடைந்த செங்கல்லோ போட்டு அதன்மேல் வையுங்கள்.

மேலூர்

திருநகர் அண்ணன் சொன்ன டப்பாவுக்கு மண் கலவையைச் சொல்லிவிடுகிறேன். நனைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவு 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, ஆத்து மணல் 1 பங்கு. 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் சுமார் 70 லிட்டர் வரும், ஒரு மாடிக்குத் தாராளம். டீ நிறத்தில் வரும் தண்ணீர் வெளுக்கும்வரை மூன்று தடவை ஊறவைத்துப் பிழியுங்கள். உள்ளிருக்கும் உப்பு போகாவிட்டால் முளை வந்தாலும் இலை ஓரம் கருகும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருவில் கடைசிக் கழுவலுக்கு மழைத்தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். கரிசலும் கரம்பையும் டப்பாவுக்கு ஆகவே ஆகாது. ஈரத்தில் இறுகி, காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும்.

தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். பாகல், புடலை, பீர்க்கு 2 சென்டிமீட்டர், முந்தின ராத்திரி ஊறவைத்து. கொத்தமல்லியைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். சிவப்பாகவோ நீலமாகவோ பூச்சுடன் வரும் பாக்கெட் விதையை ஊறவைக்கக் கூடாது, அந்த நிறம் பூஞ்சைமருந்து பூசியதற்கு அடையாளம். கழுவினால் பாதுகாப்பு போய்விடும், வெறும் கையால் தொடவும் வேண்டாம்.

எறும்பு விதையைத் தூக்கிப் போகும். ஸ்டாண்டின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் ஏறாது. ஆனால் இது டெங்குக் காலம். அந்தத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்து மாற்றுங்கள், விதைக்காத காலி டப்பாவைக் கவிழ்த்தே அடுக்குங்கள்.

திருமங்கலம்

நார்க்கழிவு மட்டும் போட்டால் போதாதா? இன்னொன்று, காலிபிளவர் இப்போது போடலாமா?

சோழவந்தான்

நார்க்கழிவில் மட்டும் முளை நன்றாக வரும், விதையிலைக்கு அப்புறம் வரும் முதல் உண்மையிலை விட்டதும் வெளுத்து நின்றுவிடும். அதில் சத்து கிடையாது. மேலூர் அக்கா சொன்ன கலவைதான் சரி.

காலிபிளவருக்குக் காலம் போய்விட்டது. ஆவணி, புரட்டாசியில் விதைத்துத் தை வாக்கில் பூ எடுக்கிற பயிர் அது. மார்கழியில் விதைத்தால் பூக்கட்டும் நேரம் வெயில் ஏறிவிடும், பூ இறுகாமல் பிரிந்துபோகும். இப்போது டப்பாவில் போட ஏற்றவை மிளகாய், கத்தரி, தக்காளி. தை பிறந்ததும் பால் கவரில் பீர்க்கு, புடலை, பாகல். முள்ளங்கி, கேரட், பீன்ஸ் மூன்றையும் டப்பாவில் போட்டு நடாதீர்கள், நேராக விதையுங்கள். முள்ளங்கியும் கேரட்டும் வேரை அசைத்தால் கிளைத்துவிடும்.

நாற்றழுகல் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். முந்தின நாள் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் சாய்ந்து கிடக்கும். இலை பச்சையாகவே இருக்கும். குனிந்து பார்த்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் மாதிரி சுருங்கி, நீர் ஊறிப் பழுப்பேறியிருக்கும். வாடலென்று நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பக்கத்து நாற்றும் அடுத்த நாள் சாயும். இது ஈரத்தில் பரவும் பூஞ்சை. சாய்ந்ததை அதைச் சுற்றியுள்ள மண்ணோடு கரண்டியால் எடுத்து வெளியே போடுங்கள், தண்ணீரை நிறுத்துங்கள், டப்பாக்களுக்கிடையே நாலு விரல் இடைவெளி விட்டுக் காற்று போக வையுங்கள்.

வருமுன் காப்பதே லாபம். மண்புழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப்பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து, ஈரச்சாக்கு போர்த்தி, நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து அப்புறம் கலவையில் சேருங்கள். முளைத்ததும் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி 10 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வேர்ப்பக்கம் ஊற்றலாம். நோய் பரவிவிட்டால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைமருந்து லிட்டருக்கு 2.5 கிராம். ஆனால் உயிர்மருந்தையும் காப்பரையும் சேர்த்து ஊற்றாதீர்கள், காப்பர் அந்த நுண்ணுயிரையே கொன்றுவிடும்.

தண்ணீர் காலையில் மட்டும். மேல்மண் நிறம் வெளுத்த பிறகு, டப்பாவைத் தாம்பாளத்தில் அரை அங்குலத் தண்ணீரில் வைத்து, மேல்மண் கறுத்ததும் எடுத்துவிடுங்கள். மழை வந்தால் மேலே ஷீட், பக்கம் திறப்பு. நான்கு பக்கமும் மூடினால் டப்பா மூடிய கதைதான்.

திருநகர்

அடையாளம் எழுத மார்க்கர் வேண்டாம், வெயிலில் வெளுக்கும். தயிர் டப்பாவின் பக்கத்தைப் பட்டையாக வெட்டி, சொரசொரப்பான காகிதத்தால் தேய்த்து, பென்சிலில் எழுதினால் அறுவடைவரை நிற்கும்.

முளை தெரிந்த நாளிலேயே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீளும். பிரித்து நடும்போது இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டை நசுக்கினால் பிழைக்காது. தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 35 முதல் 40 நாளில் நடலாம். அதற்கு முந்தின நாலைந்து நாள் தண்ணீரைக் குறைத்து முழு வெயிலில் வைத்தால் தண்டு கெட்டிப்படும். சாயங்காலம் நடுங்கள். பால் கவரை உருவாமல் பிளேடால் கீறி எடுங்கள், மண்கட்டி உடையாமல் வரும்.